உலகைச் சுற்றும் ஒரே சீட்டு



பெற்ற பிள்ளைகளை ஆளுக்கொரு திசையில் கடல் கடந்து அனுப்பிவிட்டு, இஷா தொழுகைக்குப் பின் கைப்பேசித் திரையில் அவர்களின் முகங்களைப் பார்த்துவிட்டு உறங்கச் செல்லும் பெற்றோர் நம் சமுதாயத்தில் எத்தனை பேர்! உங்கள் தெருவிலேயே நான்கு வீடுகளை எண்ணிவிடுவீர்கள். அத்தகைய வீடுகளில் ஒன்றுதான் எங்களுடையதும்.

நான் பழவேற்காட்டில் பிறந்தவன். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில், இரும்புக் கம்பி உருட்டும் ஆலை ஒன்றின் சரக்கு அனுப்பும் பிரிவில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றேன். மூத்த மகள் லண்டனில் வாழ்கிறாள். மகன் அமெரிக்காவில், சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே இருக்கிறான். இளைய மகள் சிங்கப்பூரில். மூவரும் அழைக்கிறார்கள், மூவருக்கும் மனத்தாங்கல். ஒரு வீட்டிற்குப் போய்வந்தால் மற்ற இரு வீடுகளிலும் "எங்களை மறந்துவிட்டீர்களா வாப்பா?" என்ற கேள்வி.

"தனித்தனியாக மூன்று பயணம் எதற்கு வாப்பா? உலகைச் சுற்றி வருவதற்கென்றே ஒரு சீட்டு இருக்கிறது. ஒரே சீட்டில் மூன்று வீட்டையும் பார்த்துவிட்டு ஊர் திரும்பலாம்" என்றான் மகன், 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில்.

கேட்க இனிமையாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு உடனே என் சகோதரி மகனின் நினைவு வந்தது.

கிழிக்காத தாளின் கதை

அது 2011ஆம் ஆண்டு. அவனுக்கு ரியாத்தில் வேலை கிடைத்திருந்தது. சென்னையிலிருந்து மும்பை, மும்பையிலிருந்து ரியாத் என்று போகவர ஒரே சீட்டாக எடுத்திருந்தார்கள். மும்பையில் நண்பனைப் பார்த்துவிட்டுப் போகலாமே என்று, இரண்டு நாள் முன்னதாக ரயிலேறி மும்பைக்குப் போய்விட்டான். ரியாத் விமானத்திற்கு உரிய நேரத்தில் நிலையத்திற்கும் சென்றான். "சென்னையில் நீங்கள் ஏறவில்லை. ஆகவே உங்கள் சீட்டு முழுவதும் ரத்தாகிவிட்டது" என்றார்கள். திரும்பி வரும் சீட்டும் அதோடு போயிற்று. விசாவின் தவணை முடியும் தறுவாயில் இருந்தது. என் சகோதரியின் வளையல்கள் அன்று மாலையே அடகுக்கடைக்குச் சென்றன.

"காசு கொடுத்து வாங்கிய சீட்டு. அதில் ஒரு பகுதியை வேண்டாம் என்று விட்டால் அவர்களுக்கு என்ன நட்டம் மாமா?" என்று அவன் கேட்டான். அன்று எனக்கும் விடை தெரியவில்லை. பின்னர் விசாரித்து அறிந்தேன்.

பழைய நாளில் விமானச் சீட்டு ஒரு சிறு புத்தகமாக இருந்ததை உங்களில் மூத்தவர்கள் நினைவில் வைத்திருப்பீர்கள். கார்பன் மை பூசிய மெல்லிய தாள்கள். ஒவ்வொரு விமானத்திற்கும் ஒரு கூப்பன். வரிசைப்படி ஒவ்வொன்றாகக் கிழிப்பார்கள். 2008 ஜூன் முதல் தேதியோடு சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் அந்தக் காகிதச் சீட்டுகளுக்கு விடைகொடுத்துவிட்டது. காகிதம் போயிற்றே தவிர, கூப்பன்களும் அவற்றின் வரிசையும் போகவில்லை. அவை கணினிக்குள் இருக்கின்றன. முதல் கூப்பனைப் பயன்படுத்தாதவனுக்கு இரண்டாவது கூப்பன் திறக்காது. இடையில் ஒன்றைத் தாண்டினால் அதன் பின்னுள்ளவை அனைத்தும் மூடிக்கொள்ளும்.

நாம் வாங்குவது துண்டு துண்டான பல பயணங்களை அன்று. இன்ன ஊரிலிருந்து இன்ன வழியாக இன்ன ஊருக்கு என்ற ஒரு முழு உடன்படிக்கையை. விலையும் அந்த முழு வழிக்குத்தான் போடப்படுகிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால், உலகைச் சுற்றும் சீட்டின் விதிகள் யாவும் தாமாகவே விளங்கிவிடும்.

அந்தச் சீட்டு எப்படிப்பட்டது?

உலகைச் சுற்றிப் பயணிகளை ஏற்றிச் செல்லும் தொடர் விமானச் சேவையை 1947 ஜூன் மாதம் அமெரிக்காவின் பான் அமெரிக்கன் நிறுவனம் தொடங்கியது. நியூயார்க்கில் புறப்பட்ட அந்தப் பாதையில் நம் கல்கத்தாவும் ஒரு தங்குமிடமாக இருந்தது. அந்த நிறுவனம் 1991இல் மூடப்பட்டது. இன்று ஒரே நிறுவனம் முழு உலகையும் சுற்றிக் காட்டுவதில்லை. பல நிறுவனங்கள் கூட்டணி அமைத்து, ஒருவர் விட்ட இடத்திலிருந்து மற்றவர் ஏற்றிச் செல்கின்றனர். 1997இல் தோன்றிய ஸ்டார் அலையன்ஸ், 1999இல் தோன்றிய ஒன்வேர்ல்டு ஆகியவை அத்தகைய கூட்டணிகள். 2014இல் நம் ஏர் இந்தியா முன்னதிலும், ஸ்ரீலங்கன் ஏர்லைன்ஸ் பின்னதிலும் சேர்ந்தன.

மூன்று மாதம் இவ்விதிகளைப் படித்தேன். லாரிக்குச் சரக்கேற்றும்போது பட்டியலையும் பெட்டியையும் ஒத்துப் பார்த்த பழக்கம் அதற்குக் கைகொடுத்தது. படித்ததைச் சுருக்கித் தருகிறேன்.

முதலாவது, திசை. கிழக்கே புறப்பட்டால் கிழக்கேயே போக வேண்டும். மேற்கே என்றால் மேற்கேயே. அட்லாண்டிக் பெருங்கடலை ஒரு முறை, பசிபிக் பெருங்கடலை ஒரு முறை கடக்க வேண்டும். விமானப் போக்குவரத்துச் சங்கம் உலகை மூன்று வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. வட, தென் அமெரிக்காக்கள் முதல் வட்டாரம். ஐரோப்பா, ஆப்பிரிக்கா, அரபு நாடுகள் இரண்டாவது. நம் இந்தியாவும் அதற்குக் கிழக்கேயுள்ள ஆசிய நாடுகளும் ஆஸ்திரேலியாவும் மூன்றாவது. ஒரு வட்டாரத்திற்குள் ஓரளவு முன்னும் பின்னும் போகலாம். ஆனால் ஒரு வட்டாரத்தைவிட்டு அடுத்ததில் கால் வைத்த பின் முந்தையதற்குத் திரும்ப இயலாது.

இரண்டாவது, தொடங்கிய நாட்டிலேயே முடிக்க வேண்டும். ஊர் மாறலாம், நாடு மாறக்கூடாது. சென்னையில் புறப்பட்டவர் கொச்சியில் வந்து இறங்கினால் குற்றமில்லை. கொழும்பில் முடிக்க இயலாது.

மூன்றாவது, அளவு. ஸ்டார் அலையன்ஸ் சீட்டில் மைல் கணக்கு உண்டு. மைல் கூடக் கூடக் கட்டணம் படிப்படியாக ஏறும். உச்ச அளவு 39,000 மைல். விமானங்கள் 16க்கு மேற்படலாகாது. ஒன்வேர்ல்டின் ஒருவகைச் சீட்டில் மைலுக்குப் பதிலாக எத்தனை கண்டங்கள் என்பதே கணக்கு. 24 மணி நேரத்திற்கு மேல் ஓர் ஊரில் இருந்தால் அது தங்கல். அதற்குள் அடுத்த விமானம் ஏறிவிட்டால் வெறும் மாற்றம். இடையில் ஒரு பகுதியை நீங்கள் ரயிலிலோ காரிலோ கடப்பதாகச் சீட்டு எழுதும்போதே குறித்துக்கொள்ளலாம். ஆனால் அந்தத் தூரமும் மைல் கணக்கில் ஏறும். என் மருமகன் செய்ததுபோல் சொல்லாமல் தரைவழி போவதுதான் ஆகாது.

நான்காவது, காலம். பொதுவாகக் குறைந்தது 10 நாள். அதிக அளவாக ஓர் ஆண்டு. எல்லா விமானங்களுக்கும் தேதி குறித்துக்கொண்டு புறப்பட்டாலும், அதே வகுப்பில் இடம் இருக்குமானால் தேதியை மாற்றிக்கொள்ள வழி உண்டு. பெரும்பாலும் அதற்குத் தனிக் கட்டணம் இராது. ஊரை மாற்றினாலோ சீட்டையே மறுபடி எழுத வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு.

இவை நான் பார்த்த அளவில் உள்ள விதிகள். நிறுவனங்கள் அவ்வப்போது திருத்துவதால், வாங்கும் நாளில் மீண்டும் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

எங்கள் ஊர் மரக்காயர்கள் பாய்மரக் கப்பல்களில் துணிமூட்டை ஏற்றிக்கொண்டு மலாக்காவுக்குச் சென்ற காலத்தை எண்ணிப் பார்க்கிறேன். காற்று ஒரு பருவத்தில் ஒரு திசையில்தான் வீசும். போனவர் அது திரும்பும்வரை அங்கே காத்திருந்துதான் வர வேண்டும். அவர்களுக்குக் காற்று விதித்தது; நமக்குக் கணினி விதிக்கிறது!

துணைவியாரின் நிய்யத்

கிழக்கே போவதா, மேற்கே போவதா? முதலில் சிங்கப்பூர், பிறகு அமெரிக்கா, பிறகு லண்டன் என்று நான் கோடு போட்டேன். அருகில் இருந்து பார்த்த என் துணைவியார், "பிள்ளைகளைப் பார்ப்பது இருக்கட்டும். இவ்வளவு தூரம் போகிறவர்கள் கஃபாவைப் பார்க்காமல் வருவதா? அதுவும் கடைசியில், களைத்துப்போன பிறகா? முதலில் உம்ரா, பிறகுதான் மற்றதெல்லாம்" என்றார்கள்.

அந்தச் சொல்லே திசையைத் தீர்மானித்தது. அரபு நாடு இரண்டாவது வட்டாரத்தில் இருப்பதால், அதை முதலில் வைக்க வேண்டுமானால் மேற்கே போவது ஒன்றே வழி. சென்னை, மும்பை, ஜித்தா, இஸ்தான்பூல், லண்டன், சான் பிரான்சிஸ்கோ, சிங்கப்பூர், மீண்டும் சென்னை. ஏழு விமானங்கள்; கூட்டிப் பார்த்தால் 21,000 மைலுக்குச் சற்று மேல். கிழக்கே பறப்பதைக் காட்டிலும் மேற்கே பறக்கையில் உடல் நேர மாற்றத்தை எளிதில் தாங்கிக்கொள்ளும் என்பது, எங்கள் வயதுக்குக் கிடைத்த கூடுதல் நன்மை.

பெயரும் விசாவும்

சீட்டு வாங்குமுன் இரண்டு இடங்களில் நம்மவர்கள் தடுக்கி விழுகிறார்கள். ஒன்று, பெயர். முஹம்மது என்னும் ஒரே திருப்பெயரை ஆங்கிலத்தில் எத்தனை விதமாக எழுதுகிறோம்! பள்ளிச் சான்றிதழில் ஒருவிதம், ஆதாரில் வேறுவிதம். விமானச் சீட்டுக்குப் பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்துகளே எழுத்துகள். நமக்குக் குடும்பப் பெயர் இல்லாததால், பாஸ்போர்ட்டில் முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்து மற்றக் கட்டம் வெறுமையாக இருப்பதுண்டு. அப்படி முதற்பெயர் வெறுமையாக இருந்தால் அமெரிக்க விசாவில் எஃப்.என்.யூ. என்று அச்சிட்டுவிடுவார்கள்; முதற்பெயர் அறியப்படவில்லை என்பது அதன் பொருள். ஏழு விமானங்களிலும் இதற்காக விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க இயலுமா? நாங்கள் பயணத்திற்கு முன்பே இருவருடைய பாஸ்போர்ட்டுகளையும் திருத்திப் புதுப்பித்துக்கொண்டோம்.

மற்றொன்று, விசா. உலகைச் சுற்றும் சீட்டு கையில் இருப்பதால் எந்த நாடும் கதவைத் திறந்துவிடாது. சவூதி, பிரிட்டன், அமெரிக்கா, சிங்கப்பூர் என நான்கு நாடுகளுக்கும் தனித்தனியே விசா எடுத்தோம். இஸ்தான்பூலில் விமான நிலையத்திற்கு உள்ளேயே விமானம் மாறியதால் அங்கே தேவைப்படவில்லை. எல்லா நாட்டிலும் அப்படி என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் விமானம் மாறுவதற்காக மட்டும் இறங்கினாலும் இந்தியர்க்கு விசா வேண்டும். எனவே முதலில் விசா, பிறகு சீட்டு என்பதே அறிவுடைமை.

லண்டனில் வந்த தொலைபேசி

2024 செப்டம்பரில் புறப்பட்டோம். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயிலேறி, சென்ட்ரலில் இறங்கி, மெட்ரோ ரயிலில் விமான நிலையம் சேர்ந்தோம். மும்பையில் இஹ்ராம் உடுத்தி, ஜித்தா சென்று, அல்லாஹ்வின் கிருபையால் உம்ராவை நிறைவேற்றினோம். பிறகு லண்டனில் மகள் வீடு. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ புறப்பட நான்கு நாட்களே இருந்தன. மருமகளுக்குப் பேறுகாலம், இன்னும் ஆறு வாரம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். துணைவியார் மருந்துப் பொடிகளைக்கூடக் கட்டி வைத்துவிட்டார்கள்.

அந்த இரவில்தான் பழவேற்காட்டிலிருந்து தொலைபேசி வந்தது. துணைவியாரின் உம்மாவுக்கு உடல்நிலை மிக மோசம். "உம்மா உன் பேரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்" என்றார் அவருடைய காக்கா. என் துணைவியார் அழவில்லை. என் முகத்தைப் பார்த்து, "என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவீர்களா?" என்று மட்டும் கேட்டார்கள்.

ஊரில் தெரிந்த ஒரு பயணச் சீட்டு முகவரை அழைத்தேன். அவர் அனுதாபத்துடன் பேசி, "லண்டனிலிருந்து சென்னைக்குப் புதிதாக ஒருவழிச் சீட்டு எடுத்து வந்துவிடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு சென்னையிலிருந்து நேராக சான் பிரான்சிஸ்கோவுக்கு ஒரு சீட்டு எடுத்தால் போதும். அங்கிருந்து சிங்கப்பூர், சென்னைக்குத்தான் உங்களிடம் பழைய சீட்டு இருக்கிறதே!" என்றார்.

கேட்பதற்கு எவ்வளவு நேர்த்தியான யோசனை! அந்த நிலையில் யாரும் ஒப்புக்கொண்டிருப்பார்கள். நானும் ஒப்புக்கொள்ளத்தான் இருந்தேன். திடீரென்று, மும்பை விமான நிலையத்தில் பெட்டியோடு நின்ற சகோதரி மகன் என் கண்முன் வந்து நின்றான். லண்டனிலிருந்து சான் பிரான்சிஸ்கோ செல்லும் கூப்பனை நாங்கள் தாண்டிவிட்டால், அதன் பின்னுள்ள இரண்டு கூப்பன்களும் மூடிக்கொள்ளுமே! பிள்ளை பெற்ற வீட்டில் இருந்துவிட்டு ஊர் திரும்பப் புறப்படும் நாளில்தான், எங்களிடம் சீட்டு இல்லை என்பதே எங்களுக்குத் தெரிய வந்திருக்கும்.

வேறு வழியும் இருந்தது. உலகைச் சுற்றும் சீட்டை லண்டனிலேயே அப்படியே நிறுத்திவைப்பது. அதன் தொடர்பே இல்லாத தனிச் சீட்டில் சென்னைக்குப் போய், அதே சீட்டில் லண்டனுக்குத் திரும்பி வருவது. நிறுத்திய இடத்திலிருந்து பழைய சீட்டைத் தொடர்வது. கூப்பன் வரிசை கெடாது. தவணை ஓர் ஆண்டு இருந்தது. பிரிட்டன் விசாவும் ஆறு மாதத்திற்குள் பலமுறை வந்துபோக இடம் தருவது. செய்ய வேண்டியது ஒன்றே: சான் பிரான்சிஸ்கோ விமானம் புறப்படுமுன், சீட்டை வழங்கிய நிறுவனத்திற்குச் சொல்லித் தேதியை மாற்றிவிட வேண்டும். சொல்லாமல் இருந்து விமானம் புறப்பட்டுவிட்டால், வராதவர் என்று எழுதிவிடுவார்கள். பிறகு பேசிப் பயனில்லை.

அன்று இரவே அழைத்தேன். தேதி மாறியது. மறுநாள் சென்னைக்குப் பறந்தோம்.

பழவேற்காட்டில் மழை பெய்துகொண்டிருந்தது. மாமி அவர்கள் மகளைப் பார்த்தார்கள், அறிந்துகொண்டார்கள், கையைப் பற்றிக்கொண்டார்கள். ஜம்ஜம் தண்ணீரை மகளே கரண்டியால் ஊட்டினார்கள். ஆறாம் நாள் சுபுஹுக்குச் சற்று முன் மாமி வபாத்தானார்கள். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். ஜனாஸாவைக் கொண்டு சென்றபோது ஏரிக்கரைத் தெருவெங்கும் தண்ணீர் நின்றது.

ஒரு மாதம் ஊரில் இருந்துவிட்டு லண்டன் சென்றோம். அங்கிருந்து, நிறுத்திவைத்த சீட்டில் சான் பிரான்சிஸ்கோ. நாங்கள் போய்ச் சேர்ந்த ஒன்பதாம் நாள் பேரன் பிறந்தான். உம்மாவை வழியனுப்பிய கைகள் பேரனை ஏந்தின. இரண்டையும் தவறவிடாமல் செய்த அல்லாஹ்வுக்கே புகழனைத்தும். அடுத்தபடியாக, தவணையும் வரிசையும் என்னவென்று முன்கூட்டியே படித்துவைத்த அந்த மூன்று மாதங்களுக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன். இரட்டைச் செலவுதான், மறுக்கவில்லை. ஆனால் அது நான் தெரிந்து செய்த செலவு.

தொலைந்துபோன வியாழக்கிழமை

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து சிங்கப்பூர் விமானத்தை வியாழன் இரவுக்கு எழுதலாம் என்றான் மகன். வேண்டாம், புதன் இரவுக்கு எழுது என்றேன். காரணம் இருந்தது. அந்த விமானம் இரவில் புறப்பட்டு ஏறத்தாழ 17 மணி நேரம் பறக்கிறது. நடுவில் தேதிக்கோட்டை மேற்கு நோக்கிக் கடப்பதால் நாட்காட்டியில் ஒரு நாள் கழிந்துவிடும். வியாழன் இரவு ஏறினால் சிங்கப்பூரில் இறங்குவது சனிக்கிழமை காலை. வெள்ளிக்கிழமையே நமக்கு இல்லாமல் போய்விடும்! பயணிக்கு ஜும்ஆ கடமையில்லை என்பது உண்மை. ஆயினும் இருக்கும் ஜும்ஆவைத் தெரிந்தே விட்டுவிட மனம் ஒப்பவில்லை. புதன் இரவு ஏறி, வியாழனைத் தொலைத்து, வெள்ளி காலை இறங்கி, மகள் வீட்டருகே ஜும்ஆவில் கலந்துகொண்டேன்.

இந்தப் புதிரை நமக்கு முன்பே சிந்தித்தவர் ஒரு முஸ்லிம் அறிஞர்! சிரியாவின் ஹமா நகரை ஆண்டவரும், தக்வீமுல் புல்தான் என்னும் புவியியல் நூலை எழுதியவருமான அபுல் ஃபிதா (1273 - 1331). ஒருவர் ஓரிடத்தில் இருக்க, ஒருவர் மேற்கேயும் ஒருவர் கிழக்கேயும் உலகைச் சுற்றி வந்து மூவரும் சந்தித்தால், அவர்களுடைய நாள் கணக்குகள் ஒத்திரா என்று அவர் எடுத்துரைத்தார். இருந்தவருக்கு வெள்ளி என்றால், மேற்கே சென்றவர் எண்ணிக்கையில் அது வியாழன். கிழக்கே சென்றவர் எண்ணிக்கையில் சனி. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1522இல், மெகல்லனின் கப்பலில் எஞ்சியவர்கள் உலகை மேற்கே சுற்றித் திரும்புகையில், தங்கள் கணக்கில் புதன்கிழமையாக இருந்தது கரையில் வியாழனாக இருக்கக் கண்டு திகைத்தார்கள். எங்கள் பழவேற்காட்டுப் பள்ளிவாசலில் இருக்கும் சூரிய கடிகாரத்தைச் சிறுவயதில் பார்த்து நின்றிருக்கிறேன். அதன் நிழலுக்கு அந்தந்த ஊரின் சூரியன்தான் கணக்கு. உலகைச் சுற்றியபோதுதான் அதன் பொருள் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

உங்களுக்கு என் வேண்டுகோள்

இச்சீட்டு எல்லார்க்கும் ஏற்றதன்று. ஒரு நாட்டுக்கோ, ஒரே திசையிலுள்ள இரு நாடுகளுக்கோ செல்வோர்க்குச் சாதாரணப் போகவரச் சீட்டே போதும். மூன்று வட்டாரங்களிலும் உறவுகளை வைத்திருப்பவர்கள் மட்டும், தனித்தனிச் சீட்டுகளின் கூட்டுத்தொகையையும் இதன் விலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது குறைவு என்பதோடு, இடையில் ஏதேனும் நேர்ந்தால் எதில் தேதி மாற்றலாம் என்பதையும் பாருங்கள்.

எந்தச் சீட்டாக இருந்தாலும், ஒரு கூப்பனையும் சொல்லாமல் விடாதீர்கள். வர இயலாதென்றால், விமானம் புறப்படுமுன் சொல்லிவிடுங்கள். முகவர் சொல்லும் யோசனையை, சீட்டை வழங்கிய நிறுவனத்திடம் கேட்டு உறுதி செய்யுங்கள். வளைகுடாவுக்குப் புறப்படும் உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் இதை இன்றே சொல்லி வையுங்கள். ஒரு தாயின் வளையலாவது மீளும்.

2025 ஜனவரியில் சென்னையில் இறங்கினோம். பெட்டிகளை இறக்கியதும் துணைவியார் கேட்ட முதல் கேள்வி: "நாளை காலை பழவேற்காட்டுக்குப் போய் உம்மாவின் கப்ரை ஜியாரத் செய்துவிட்டு வரலாமா?" பொன்னேரியில் பேருந்து மாறிச் சென்றோம்.

கடல் கடந்து வாழும் நம் பிள்ளைகளையும், அவர்கள் வழியைப் பார்த்திருக்கும் பெற்றோரையும் அல்லாஹ் உரிய நேரத்தில் ஒன்றுசேர்ப்பானாக. ஆமீன்.